குழந்தைகளின் தின்பண்டம்: கலோரி கணக்கில் நாம் ஏமாறும் இடங்கள்

பாக்கெட்டின் முகப்பில் ‘லைட்’, ‘கொழுப்பு நீக்கியது’ என்று போட்டிருந்தால் நம் கை தானாக அதை எடுத்துக் கூடையில் போட்டுவிடுகிறது. கொழுப்பை எடுத்தால் சுவை குறையும். அதை ஈடுகட்டப் பெரும்பாலும் சர்க்கரையோ மாவுச்சத்தோ சேர்ப்பார்கள். அதனால் முகப்பை விட்டுவிட்டுப் பின்பக்கம் பாருங்கள். சேர்த்த பொருள்களில் எது எடையில் அதிகமோ, அதுதான் பட்டியலில் முதலில் வரும். முதல் மூன்று பெயர்களுக்குள் சர்க்கரையோ குளுக்கோஸ் சிரப்போ இருந்தால் அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடலாம்.

அப்புறம் கலோரி எண். அது முழுப் பாக்கெட்டுக்கா, ஒரு முறை சாப்பிடும் அளவுக்கா என்று கவனிக்க வேண்டும். ஒரு முறைக்கு 120 கலோரி என்று போட்டு, பாக்கெட்டுக்குள் இரண்டரை முறைக்கான அளவு இருந்தால், பிள்ளை முழுவதையும் தின்று முடிக்கும்போது 300 கலோரி ஆகிவிடும். சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து 4 ஆல் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு வந்துவிடும். 20 கிராம் என்றால் 5 டீஸ்பூன்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் பழச்சாறு. “வெளியில் வாங்கவில்லை, வீட்டில் பிழிந்ததுதான்” என்பார்கள். எங்கே பிழிந்தாலும் நார்ச்சத்து பெரும்பாலும் வடிகட்டியில் தங்கிவிடும், சர்க்கரை டம்ளரில் இறங்கிவிடும். ஒரு டம்ளருக்கு மூன்று ஆரஞ்சு வேண்டும். அந்த மூன்றையும் உரித்து ஒரே மூச்சில் தின்னும் குழந்தை அபூர்வம். சாறாகக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் குடித்துவிடும், வயிறும் நிறையாது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பழச்சாற்றின் சர்க்கரையையும் தேனையும், தனியாகச் சேர்த்த சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைத்திருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்து அன்றைய கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு நாளில் 1,400 கலோரி சாப்பிடும் குழந்தைக்கு அது 35 கிராம். அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பு 2017இல் சொன்னது இன்னும் கறாரானது: ஒரு வயதுக்குள் சாறே வேண்டாம், 1 முதல் 3 வயது வரை நாளுக்குச் சுமார் 120 மில்லிக்கு மேல் போகக்கூடாது. ஆகவே ஜூஸைப் பழத்தின் கணக்கில் சேர்ப்பதை நான் ஏற்பதில்லை. தாகத்துக்குத் தண்ணீர், பசிக்கு முழுப் பழம்.

சர்க்கரைக்குப் பதிலாகச் செயற்கை இனிப்பு சேர்த்தவற்றுக்கு மாறலாமா? எடையைக் கட்டுப்படுத்த அவற்றை நம்ப வேண்டாம் என்று 2023இல் அதே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது.

கலோரி எண் குறைவாக இருப்பதே நல்லது என்ற நினைப்பும் ஒரு தவறுதான். சின்ன வயிறு ஒரே வேளையில் நிறைய வாங்காது. அதனால் தின்பண்டம் என்பது குழந்தைக்குக் குட்டிச் சாப்பாடு மாதிரி. வெள்ளரித் துண்டுகளை மட்டும் கொடுத்தால் கலோரி குறைவுதான். அரை மணி நேரத்தில் பிஸ்கட் டப்பாவைத் தேடி வருவார்கள். அதே வெள்ளரியோடு கொஞ்சம் கெட்டித் தயிரோ வேகவைத்த கொண்டைக்கடலையோ சேர்ந்தால் பசி அடங்கும். ஒரு வேகவைத்த முட்டையில் ஏறக்குறைய 70 கலோரி, 6 கிராம் புரதம். 100 கலோரிக்கு உருளைக்கிழங்கு சிப்ஸ் 20 கிராம்கூட வராது, ஆப்பிள் என்றால் ஏறக்குறைய 190 கிராம் வரும். எது வயிற்றை நிரப்பும் என்று சொல்லவே வேண்டாம். இரண்டு வயதுக்குள் கொழுப்பு நீக்கிய பால் கொடுப்பது வேறு வகைத் தவறு. மூளை வேகமாக வளரும் அந்தக் காலத்தில் கொழுப்பு தேவை. எடை அதிகம் என்ற கவலை இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக ‘டயட்’ தொடங்க வேண்டாம்.

நல்ல பண்டங்களிலும் அளவு உண்டு. திராட்சை 100 கிராமில் சுமார் 70 கலோரி. காய்ந்த திராட்சையில் கிட்டத்தட்ட 300. பாதாம், முந்திரி போன்ற கொட்டை வகைகள் 550ஐத் தாண்டும். சத்தானவைதான், ஆனால் பிள்ளையின் உள்ளங்கை கொள்ளும் அளவு போதும், டப்பாவோடு கொடுத்துவிடக் கூடாது. டிவி முன்னால் உட்கார்ந்தால் எந்த அளவும் நிற்காது என்பது தெரிந்ததுதான்.

“காய் சாப்பிட்டால் சாக்லேட் தருவேன்” என்பதையும் விட்டுவிடுங்கள். காய் தண்டனை, சாக்லேட் பரிசு என்று குழந்தை புரிந்துகொள்ளும். அடியோடு தடை போட்டாலும் ஆசை கூடத்தான் செய்யும். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதற்கு ஒரு வழி சொன்னார்: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்கட்டும்; எவ்வளவு, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைக் குழந்தை தீர்மானிக்கட்டும். புதிய காய் ஒன்றைப் பத்து முறைக்கு மேல் வைத்தபிறகுதான் சில பிள்ளைகள் தொடவே செய்வார்கள், ஆக இரண்டாம் நாளே கைவிட வேண்டாம்.

கலோரி பார்க்கும் அவசரத்தில் பலர் மறப்பது, தொண்டையில் சிக்கும் ஆபத்து. முழுக் கொட்டைகள், பாப்கார்ன் இரண்டும் 4 வயதுக்குள் வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், கேரட்டைத் துருவியோ வேகவைத்தோ கொடுங்கள். சிக்கும் ஆபத்து அல்லாத இன்னொரு எச்சரிக்கை: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது.