பழைய தோல் சேணம் கைக்கு வந்தால்: எண்ணெய் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

லாயத்து மூலையில் வருஷக்கணக்காகக் கிடந்த சேணம் ஒன்று கிடைத்ததும் பலரும் செய்கிற முதல் வேலை, துணியில் எண்ணெயை நனைத்துத் தேய்ப்பதுதான். பளபளவென்று ஆகிவிடும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளே சட்டம் உடைந்திருந்தால் அது குதிரையின் முதுகைப் புண்ணாக்கும், வார் இற்றுப்போயிருந்தால் ஓட்டத்தின் நடுவில் அறுந்து ஆளைத் தள்ளும். அதனால் பாரம் தாங்கும் பாகங்களை முதலில் பாருங்கள். அழகெல்லாம் அப்புறம்.

சேணத்துக்குள் ஒரு சட்டம் இருக்கிறது, பெரும்பாலும் மரம். பழைய முறையில் மரத்தைச் செதுக்கி, பதனிடாத பச்சைத் தோலை ஈரத்தோடு அதன்மேல் போர்த்தித் தைப்பார்கள். தோல் காயும்போது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், மூட்டுகளுக்கு அதைவிட நல்ல கட்டு கிடையாது. ஆங்கிலேய பாணிச் சேணங்களில் மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி, நீளவாக்கில் இரண்டு எஃகுப் பட்டைகளும் வைத்திருப்பார்கள். சோதிக்கும் வழி எளிது. உட்கார்ந்துகொண்டு சேணத்தின் முன்பக்க மேட்டைத் தொடையில் முட்டுக்கொடுத்து, பின்விளிம்பை உங்கள் பக்கம் இழுங்கள். எஃகுப் பட்டை வைத்தது லேசாக வளைந்து திரும்பும், அது சரி. கறுக்கென்று சத்தம் வந்தாலோ, இருக்கை நடுவில் மடிந்து தோலில் குறுக்காகச் சுருக்கம் விழுந்தாலோ சட்டம் போய்விட்டது. அடுத்து, முன்மேட்டிலிருந்து இருபுறமும் கீழே இறங்கும் சட்டத்தின் இரண்டு கைகளையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், அவை அசையவே கூடாது. அசைந்தால் அத்தோடு நிறுத்துங்கள். சட்டத்தை மாற்றுவதென்றால் சேணத்தை முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும், அது தேர்ந்த சேணக்காரர் வேலை. பசை ஊற்றி ஒப்பேற்றாதீர்கள்.

சட்டம் சரியாக இருந்தால், குதிரையின் வயிற்றுப்பட்டையை மாட்டும் வார்களுக்கு வாருங்கள். ஒவ்வொரு வாரையும் விரலில் சுற்றி வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் மயிரிழை போலக் கீறல் மட்டும் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளும், கீறல் உள்ளே இறங்கியிருந்தாலோ துளைகள் நீண்டு முட்டை வடிவமாகிவிட்டாலோ அந்த வாரை மாற்றத்தான் வேண்டும். கையில் செம்பழுப்புப் பொடி ஒட்டுகிறதா? தோலின் நார்கள் அமிலத்தில் அரித்து உதிர்கின்றன என்று பொருள், எந்த எண்ணெயும் அதை மீட்காது. புது வாரை மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில், முதுகெலும்பை ஒட்டிய பகுதியிலிருந்து நீளவாக்கில் வெட்டுங்கள். தடிமன் 4 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். வயிற்றுப்பகுதித் தோல் மலிவுதான், ஆனால் ஒரே பருவத்தில் இழுபட்டு நீண்டுவிடும். வார் தொங்கும் நாடாவையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்துக்கு மூன்று வார் இருக்கும் சேணங்களில் வழக்கமாக முதல் வாருக்குத் தனி நாடா, மற்ற இரண்டுக்கும் ஒரே நாடா. வயிற்றுப்பட்டையை மாட்டும்போது முதல் வாரும் மற்ற இரண்டில் ஒன்றுமாகப் போடுவது அதனால்தான், ஒரு நாடா அறுந்தாலும் இன்னொன்று தாங்கும்.

இனி தையல். நிதானம் வேண்டியது இங்கேதான். பழைய நூலை ஒரே இழுப்பில் உருவாதீர்கள், தோல் கிழியும். மூன்று நான்கு தையலுக்கு ஒரு வெட்டுப் போட்டுக் குறடால் துண்டுதுண்டாக எடுங்கள். புதிய தையல் பழைய துளைகளிலேயே போக வேண்டும், பக்கத்தில் புதிதாகக் குத்தினால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே கிழிந்து வரும். நூல் லினனாகவோ பாலியஸ்டராகவோ இருக்கலாம். தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு வெட்டி, தேன்மெழுகுக் கட்டியில் இழுத்து மெழுகேற்றுங்கள். இரண்டு முனையிலும் முனை மழுங்கிய ஊசி கோத்துக்கொள்ளுங்கள். குத்தூசியால் துளையைத் திறந்து, முதல் ஊசியை விட்டு நூலை இழுத்தபின், அதே துளையில் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டாவது ஊசி. அப்போது முதல் நூலைச் சற்று ஓரமாக இழுத்துப் பிடியுங்கள், இல்லையென்றால் ஊசி நூலையே குத்திவிடும். இரண்டு கையாலும் ஒரே அழுத்தத்தில் இறுக்குங்கள். எந்த ஊசி முதலில் போகிறது என்ற வரிசையைக் கடைசிவரை மாற்றாதீர்கள், மாற்றினால் தையல் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாகச் சாயும். முடிவில் முடிச்சு வேண்டாம், மூன்று தையல் பின்னோக்கித் தைத்து ஒட்ட வெட்டினால் போதும். மெஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கி போட்டு நிற்கும், ஒன்று அறுந்தால் வரிசை பிரியத் தொடங்கும். கைத்தையலில் இரண்டு நூலும் தோலை முழுக்கக் கடப்பதால் ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். பாரம் தாங்கும் இடத்தில் அங்குலத்துக்கு 6 முதல் 8 தையல் போதும். நெருக்கித் தைத்தால் பார்க்க அழகு, ஆனால் துளைகள் கூடக்கூடத் தோல் பலவீனமாகும்.

அடியிலுள்ள மெத்தைகளை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டியிருந்தால் பழைய கம்பளியை எடுத்துவிட்டு, புதிய கம்பளியைப் பிரித்து உதறிக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். கட்டியின்மேலேயே புதுக் கம்பளியைத் திணிப்பவர்கள் உண்டு, குதிரைக்கு அது கூழாங்கல்மேல் பாரம் சுமக்கிற வேலை.

சரி, இப்போது சுத்தம். பூஞ்சணம் இருந்தால் வெளியில் வைத்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு பிரஷால் தட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து, கிளிசரின் சோப்பைத் தொட்டுத் துடையுங்கள். சுடுதண்ணீர் கூடவே கூடாது, தோல் சுருங்கி விறைத்துவிடும். நிழலில் காயட்டும், வெயிலும் வேண்டாம் ஹீட்டரும் வேண்டாம். லேசான ஈரம் மிச்சமிருக்கும்போது எண்ணெயை மெல்லிய பூச்சாக, முக்கியமாகச் சொரசொரப்பான உள்பக்கத்தில் தடவி ஒரு நாள் விடுங்கள். தேவைப்பட்டால் மட்டும் இன்னொரு பூச்சு. மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில் இதற்கென்றே பழகிய பொருள். சமையல் எண்ணெய் நாளானால் சிக்கு நாற்றம் எடுக்கும். அளவுக்கு மிஞ்சி ஊற்றினால் நார்கள் தளர்ந்து வார் நீளும், உங்கள் பேன்ட்டிலும் கறை பிடிக்கும்.

கடைசியாக, விரிப்பு போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்துப் பாருங்கள். முன்மேட்டுக்கும் குதிரையின் தோள்மேட்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும், ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இடைவெளி இருக்க வேண்டும். அடியில் இரண்டு மெத்தைகளுக்கும் இடையிலுள்ள நடுக்கால்வாய் முதுகெலும்பை எங்கேயும் தொடக்கூடாது. புதிய கம்பளி சில சவாரிகளில் அமுங்கி இறங்கும் என்பதால், அப்போது இந்த அளவை மறுபடி பார்த்துக் குறைந்த இடத்தில் கொஞ்சம் கம்பளி சேர்க்க வேண்டியிருக்கும்.