புதிய அலாய் ரிம்முக்கு டயர் அளவு தேர்ந்தெடுப்பது எப்படி? அகலத்துக்கு முன் உயரத்தைப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதிய அலாய் ரிம் வாங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எவ்வளவு அகலமான டயர் போடலாம்?" என்பதைத்தான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் டயரின் மொத்த உயரம், பிறகு ரிம்மின் அகலம், அதற்குப் பிறகே டயரின் அகலம். இந்த வரிசையை மாற்றியதால் ஒரு ஜோடி புதுடயரைப் பாழாக்கியிருக்கிறேன். அந்தக் கதை மூன்றாம் படியில் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்க டொயோட்டா 86 காரை எடுத்துக்கொள்வோம். பரவலாக அதில் வரும் டயர் 215/45 ஆர் 17. ரிம்மின் அகலம் 7 அங்குலம், ஆஃப்செட் +48 (இது என்னவென்று மூன்றாம் படியில் சொல்கிறேன்). உங்கள் காரின் அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்ததும் தெரியும் ஸ்டிக்கரில் அச்சாகியிருக்கும். இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளாதீர்கள்; உங்களுக்கு முன் வைத்திருந்தவர் அளவை மாற்றியிருக்கலாம்.

படி 1: உயரத்தைக் கணக்கிடுங்கள்

215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். இது தரையைத் தொடும் பகுதியின் அகலம் அல்ல. பக்கச்சுவர்கள் புடைத்திருக்கும் இடத்தில் அளந்தது. 45 என்பதைப் பலர் மில்லிமீட்டர் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சதவீதம்: பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 45 சதவீதம். ஆர் என்றால் ரேடியல், அதாவது உள்ளே நூலிழைகள் குறுக்காக ஓடும் டயர் வகை. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

215-ஐ 0.45-ஆல் பெருக்கினால் 96.75 மி.மீ. மேலும் கீழும் சுவர் உண்டு என்பதால் 193.5. ரிம்முக்கு 17 × 25.4 = 431.8. இரண்டையும் கூட்டினால் 625.3 மி.மீ. இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி வையுங்கள். இனி எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

18 அங்குல ரிம்முக்கு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்:

215/40 ஆர் 18: 629.2 மி.மீ., 0.6 சதவீதம் அதிகம்
225/40 ஆர் 18: 637.2 மி.மீ., 1.9 சதவீதம் அதிகம்
245/40 ஆர் 18: 653.2 மி.மீ., 4.5 சதவீதம் அதிகம்

மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான வழக்கம். நான் இரண்டோடு நின்றுகொள்கிறேன். டயர் உயர உயர, ஸ்பீடாமீட்டர் காட்டுவதைவிட அதிக வேகத்தில் கார் ஓடும். ஒவ்வொரு கியரிலும் இழுவிசை குறையும். மட்கார்டுக்குள் இருக்கும் இடமும் சுருங்கும்.

முன்னும் பின்னும் வேறு வேறு அளவு போட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் கார்களில், முன் டயருக்கும் பின் டயருக்கும் தயாரிப்பாளர் வைத்த உயர விகிதம் மாறவே கூடாது. மாறினால் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலோ கிளட்சோ ஓயாமல் உழைத்துச் சூடேறித் தேய்ந்துபோகும். விகிதம் ஒன்றுக்கு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் போர்ஷே 911 கரேரா 4எஸ் காரின் 992 தலைமுறையில் முன்னால் 245/35 ஆர் 20, பின்னால் 305/30 ஆர் 21. கணக்கிட்டால் பின் டயர் ஐந்து சதவீதத்துக்கும் மேல் உயரம். அந்தக் காரின் ஏபிஎஸ்ஸும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் அந்த வித்தியாசத்துக்கென்றே அமைக்கப்பட்டவை.

படி 2: ரிம்மின் அகலத்துக்கு ஏற்ற டயர்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் உண்டு. தயாரிப்பாளரின் அட்டவணையில் கிடைக்கும். 225/40 ஆர் 18-க்கு 7.5 முதல் 9 அங்குலம் வரை. 245/40 ஆர் 18-க்கு 8 முதல் 9.5 வரை. இரண்டு ஓரத்தையும் விட்டு நடுவில் நில்லுங்கள். ரிம் அரை அங்குலம் கூடினால் அதே டயர் ஏறத்தாழ 5 மி.மீ. அகலமாகப் பரந்து உட்காரும்.

ரிம் குறுகலாக இருந்தால் பக்கச்சுவர் பிதுங்கி, திருப்பங்களில் கார் ஒரு கணம் தயங்கித்தான் திரும்பும். அளவுக்கு மீறி அகலமாக இருந்தால் சுவர் இழுபட்டுச் சரிந்து நிற்கும். ரிம்மின் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நடைபாதைக் கல்லில் முதல் அடியை வாங்கும். பார்வைக்காக இப்படி இழுத்துப் போடுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். காற்று குறைந்த நேரத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

அகலமான டயர் தரையைத் தொடும் பரப்பை அப்படியே பெருக்கிவிடும் என்பதும் சரியல்ல. அந்தப் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை காரின் எடையும் காற்றழுத்தமும்தான். அகலம் கூடும்போது அதன் வடிவம் மாறுகிறது: நீளம் குறைந்து, குறுக்கே விரிகிறது. திருப்பங்களில் பிடி கூடுவது இதனால். ஓட்டும் சுகம்தான் முக்கியம் என்றால் 17 அங்குலத்திலேயே நின்று, 8 அங்குல அகல ரிம்மில் 225/45 போடுங்கள். உயரம் 634.3 மி.மீ., 1.4 சதவீதம்தான் கூடுதல். எடையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். என் தேர்வு அதுதான்.

படி 3: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் (காரில் சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

பழைய ரிம் 7 அங்குலம், அதாவது 177.8 மி.மீ. அதில் பாதி 88.9. உள்பக்கம் 88.9 + 48 = 136.9, வெளிப்பக்கம் 88.9 − 48 = 40.9. புதிய ரிம் 8.5 அங்குலம், ஆஃப்செட் +45 என்றால் பாதி 107.95. உள்பக்கம் 152.95, வெளிப்பக்கம் 62.95. ஆக உள்ளே 16, வெளியே 22 மி.மீ. கூடுகிறது. ஷாக் அப்சார்பருக்கும் பழைய டயருக்கும் நடுவே 20 மி.மீ. இடைவெளி இருந்திருந்தால், மிச்சம் வெறும் நான்கு.

நான் இந்தக் கணக்கைப் போடாமல், நிறுத்திவைத்த காரில் பார்க்க நன்றாக இருக்கிறது என்று முன்பக்கம் 245/40 போட்டேன். நேராக ஓடியபோது ஒரு சத்தமும் இல்லை. சில நாள் கழித்து, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துப் பின்னால் எடுக்கையில் துணி கிழிவதுபோல் ஓர் ஓசை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்பக்கத் தோளில் (டயரின் மேற்பரப்பு பக்கச்சுவரோடு சேரும் ஓரம்) இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பர் பளபளவென்று தேய்ந்திருந்தது. மட்கார்டின் உள்ளுறையிலிருந்து கறுப்புச் சுருள்கள் உதிர்ந்து கிடந்தன. வெளித்தோளில், திரும்பியபடியே வேகத்தடையில் ஏறியபோது மட்கார்டின் விளிம்பு கீறிய பள்ளம். அதற்குள் நூலிழை தெரிந்தது. நூலிழை தெரிந்த டயரை ஒருநாளும் ஓட்டக் கூடாது. இரண்டையும் தூக்கிப்போட்டேன்.

அதனால் வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள். முடிந்தால் அதே அளவு சக்கரத்தை ஒருவரிடம் இரவல் வாங்கி மாட்டி, மட்கார்டின் விளிம்பிலும் ஷாக் அப்சார்பரிலும் களிமண் உருண்டைகளை ஒட்டி, மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். நசுங்கிய களிமண் எவ்வளவு தடிமனாக மிஞ்சியிருக்கிறதோ, அதுவே உண்மையான இடைவெளி. ஒரே 245 என்றாலும் இரு தயாரிப்பாளர்களின் டயர் அகலத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: சுமைக் குறியீடும் வேகக் குறியீடும்

அளவுக்குப் பின்னால் வரும் 87 டபிள்யூ போன்ற குறி இது. 87 என்றால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும். டபிள்யூ என்றால் மணிக்கு 270 கி.மீ. வரை. இரண்டிலும் காரோடு வந்த டயருக்குக் கீழே போகாதீர்கள். 225/40 ஆர் 18 சாதாரண வகையில் 88, கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகையில் 92. எக்ஸ்எல் டயரின் முழுச் சுமைத்திறனும் கூடுதல் காற்றழுத்தத்தில்தான் கிடைக்கும். பழைய அழுத்தத்திலேயே ஓட்டினால் 92 என்ற எண்ணை நம்ப முடியாது.

படி 5: மாட்டும் நாள்

போல்ட் துளை வட்டம் (86-க்கு 5 × 100, அதாவது 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து துளைகள்), ரிம்மின் நடுவிலுள்ள ஹப் துளை (56.1 மி.மீ.), நட்டு ரிம்மில் அமரும் இடத்தின் வடிவம், பிரேக் காலிப்பருக்கும் ரிம்மின் கம்பிகளுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் கடையிலேயே சரிபாருங்கள். ஹப் துளை பெரிதாக இருந்தால் வளையம் போட்டு இறுக்கமாகப் பொருத்த வேண்டும். டார்க் ரென்ச்சால் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு முறுக்கி, 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்குங்கள். அதே வேளையில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்து, நான்கு டயர்களின் உள்தோளையும் விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் எங்காவது வழுவழுப்பாகத் தட்டுப்பட்டால், உரசல் தொடங்கிவிட்டது.