கிளேர் ஹாலிங்வொர்த் பற்றிக் கட்டுரை எழுதுவது எப்படி

1939-இல் போலந்து எல்லையில் ஜெர்மன் படைகள் குவிந்ததைச் செய்தியாக்கிய கிளேர் ஹாலிங்வொர்த் போன்ற போர்ச் செய்தியாளரின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்கள் பலர் துணிச்சலில் தொடங்கித் துணிச்சலிலேயே முடித்துவிடுகிறார்கள். கட்டுரை முழுக்கப் பாராட்டு இருக்கும்; அந்தப் பெண் செய்த வேலை இருக்காது. எழுதும் முன் ஒவ்வொரு நிகழ்வுக்கும் நான்கு கேள்விகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே போக அனுமதித்தது யார்? எதில் போனார்? செய்தியை எந்த வழியில் அனுப்பினார்? எந்தத் தேதியில், யார் பெயரில் அச்சானது? நான்குக்கும் விடை கிடைக்கிற நிகழ்வை விரித்து எழுதுங்கள். கிடைக்காததை ஒரு வரியில் தாண்டுங்கள்.

முதலில் அடிப்படைத் தேதிகள். 1911 அக்டோபர் 10 அன்று இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தார். 2017 ஜனவரி 10 அன்று ஹாங்காங்கில் இறந்தார். 1939 ஆகஸ்டில் அவருக்கு வயது 27. ஆண்டை மட்டும் கழித்துப் பார்த்து 28 என்று எழுதுவது அடிக்கடி நேர்கிற பிழை.

அடுத்து, 'உலகின் முதல் பெண் போர்ச் செய்தியாளர்' என்ற அடைமொழியை அடித்துவிடுங்கள். 1881-இல் தென்னாப்பிரிக்காவின் முதல் போயர் போருக்கு லேடி புளோரன்ஸ் டிக்ஸி செய்தியாளராகப் போயிருக்கிறார். 1918-இல் அமெரிக்கப் போர்த்துறையின் அங்கீகாரத்தைப் பெகி ஹல் பெற்றிருக்கிறார். 'முன்னோடிகளில் ஒருவர்' என்பதே போதும்.

பத்திரிகைக்கு முந்தைய மாதங்களை விட்டுவிடாதீர்கள். 1939-இன் முற்பகுதியில் அவர் போலந்தின் கத்தோவித்சே நகரில் இருந்தார். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த அகதிகளுக்குப் பிரிட்டிஷ் விசா வாங்கித் தரும் வேலை. அவரால் உயிர் தப்பியவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. இரண்டாயிரம் என்றும் மூவாயிரத்துக்கு மேல் என்றும் சொல்கிறார்கள். 'ஆயிரக்கணக்கானோர்' என்று எழுதிவிட்டு நகருங்கள். இந்தப் பகுதி இல்லாமல் அடுத்தது புரியாது. எல்லைப்புறமும் அங்கிருந்த பிரிட்டிஷ் துணைத் தூதரகமும் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். லண்டன் நாளிதழான டெய்லி டெலிகிராப்பின் ஆசிரியர் ஆர்தர் வாட்சன் அனுபவமில்லாத ஒருவரை ஆகஸ்டில் வேலைக்கு எடுத்துப் போலந்துக்கே அனுப்பியதை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆயிரம் சொல் கட்டுரை என்றால் முந்நூறு சொல்லையாவது ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 1 வரைக்கு ஒதுக்குங்கள். வேலையில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜெர்மன் எல்லை தூதரக வண்டிகளைத் தவிர மற்றவற்றுக்கு மூடியிருந்தது. கத்தோவித்சேயின் பிரிட்டிஷ் துணைத் தூதர் ஜான் த்வெயிட்சிடம் கொடி கட்டிய அவருடைய காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனிக்குள் போனார். அங்கே சில பொருள்களையும் வாங்கினார். எல்லையைத் தாண்டியதைத் த்வெயிட்ஸ் நம்ப மறுத்தபோது அந்தப் பொருள்கள்தான் சாட்சி. சாலையோரம், கீழே பள்ளத்தாக்கு தெரியாதபடி சாக்குத் துணித் திரைகள் கட்டியிருந்தார்கள். காற்றில் ஒன்று விலகியது. வரிசை வரிசையாக டாங்கிகள், கவச வண்டிகள், பீரங்கிகள்.

வார்சாவில் இருந்த மூத்த செய்தியாளர் ஹியூ கார்ல்டன் கிரீனுக்குத் தொலைபேசியில் சொன்னார். மறுநாள், ஆகஸ்ட் 29 இதழில் அச்சானது. பார்த்தது 28, வெளிவந்தது 29. இரண்டையும் ஒன்றாக்கினால் கட்டுரை முழுவதும் ஒரு நாள் நழுவும். செய்தியில் அவர் பெயர் இல்லை, 'நமது செய்தியாளரிடமிருந்து' என்று மட்டுமே இருந்தது. 'பெயர் பொறித்த தலைப்புச் செய்தி' என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். எல்லையில் ஆயிரம் டாங்கிகள் என்பது பத்திரிகைத் தலைப்பு தந்த எண். அவர் ஒவ்வொன்றாக எண்ணினார் என்று பொருள் கொள்ளக் கூடாது.

பெரும்பாலான கட்டுரைகள் வழுக்குவது இங்கேதான். ஆகஸ்ட் 29 செய்தி போர் மூண்டதாகச் சொல்லவில்லை, படைகள் குவிந்திருப்பதைத்தான் சொன்னது. போர் மூண்டது செப்டம்பர் 1 விடியலில். கத்தோவித்சேயில் விழித்தெழுந்த ஹாலிங்வொர்த் வார்சாவின் பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்த நண்பர் ராபின் ஹேங்கியை அழைத்தார். அவர் நம்பாததால் ஒலிவாங்கியைச் சன்னலுக்கு வெளியே நீட்டி டாங்கிச் சத்தத்தைக் கேட்கவைத்தார். இவை இரண்டு தனித்தனிச் செய்திகள். இரண்டு பத்தியாகவே எழுதுங்கள்.

ஊர்ப்பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. ஹாலிங்வொர்த் காரில் போன, அன்று ஜெர்மனியில் இருந்த கிளைவிட்ஸ் இன்று போலந்தின் கிளிவித்சே. 1939-இன் பெயரை எழுதி, முதல் முறை மட்டும் இன்றைய பெயரைச் சேருங்கள். இன்றைய வரைபடத்தை அப்படியே கட்டுரையில் ஒட்டினால் அவர் கடந்த எல்லை அதில் இருக்காது.

போர் ஆண்டுகளில் 'அனுமதித்தது யார்?' என்ற உங்கள் முதல் கேள்விக்குத்தான் வேலை அதிகம். பெண்களை முன்னணிச் செய்தியாளர்களாக ஏற்கப் பிரிட்டிஷ் ராணுவம் தயங்கியது. 1943-இல் திரிப்போலி வீழ்ந்த பின், பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி அவரைக் கெய்ரோவுக்குத் திருப்பி அனுப்பினார். ஹாலிங்வொர்த் அல்ஜியர்சில் அமெரிக்கப் படைகளோடு சேர்ந்துகொண்டார். 'தடைகளைத் தகர்த்தார்' என்ற தொடரை இங்கே போடக் கை வரும். போடாதீர்கள். ஒரு ராணுவம் மறுத்த அனுமதியை இன்னொரு ராணுவத்திடம் வாங்கினார் என்று எழுதினாலே விஷயம் முழுதாக வந்துவிடும்.

1946 ஜூலை 22 அன்று எருசலேமின் கிங் டேவிட் விடுதி தகர்க்கப்பட்டபோது அவர் சில நூறு மீட்டர் தூரத்தில் இருந்தார். அல்ஜீரியப் போரை கார்டியன் நாளிதழுக்காக எழுதியதற்கு 1962-இல் சிறந்த பெண் பத்திரிகையாளர் விருது பெற்றார். இவற்றுக்கு ஒவ்வொரு வரி.

கிம் பில்பிக்கு மட்டும் ஒரு பத்தி கொடுங்கள். பிரிட்டிஷ் உளவுத்துறையில் இருந்துகொண்டே சோவியத்துக்கு உளவு சொன்ன அவர் 1963 ஜனவரி 23 இரவு பெய்ரூட்டிலிருந்து மறைந்தார். அவர் சோவியத் கப்பலில் ஏறிப் போயிருக்கிறார் என்று ஹாலிங்வொர்த் துறைமுகத் தகவலிலிருந்து கண்டுபிடித்தார். அவதூறு வழக்குக்கு அஞ்சிக் கார்டியன் செய்தியை நிறுத்திவைத்தது. ஏப்ரல் இறுதியில்தான் வெளியிட்டது. பில்பி சோவியத் ஆள் என்று பிரிட்டிஷ் அரசு ஜூலை 1 அன்று ஒப்புக்கொண்டது. செய்தியாளர் வேகமாக இருந்தும் பத்திரிகை தாமதித்த நிகழ்வு இது. 'உடனே அம்பலப்படுத்தினார்' என்று எழுதினால் தவறு.

வியட்நாம், 1973-இலிருந்து பெய்ஜிங், பிறகு ஹாங்காங் என்று கடைசிப் பகுதி விரைவாக ஓடலாம். 1990-இல் வந்த அவருடைய தன்வரலாற்றிலிருந்து உரையாடல்களை எடுப்பதானால், அரை நூற்றாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியவை என்பதால் 'அவர் நினைவுகூர்ந்தபடி' என்று சேருங்கள். தேதிகளுக்கு அன்றைய இதழையே பாருங்கள்.