ஆளுநர், காங்கிரஸ், பதவி நீக்கம்: அமெரிக்க அரசைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘கலிபோர்னியா ஆளுநர்’ என்று செய்தியில் படித்ததும் நமக்குக் கிண்டி மாளிகைதான் நினைவுக்கு வருகிறது. டெல்லி நியமித்து அனுப்பும் ஒருவர், சட்டமன்றத்தில் உரை வாசிப்பவர். அமெரிக்க ஆளுநர் அப்படிப்பட்டவரே இல்லை. மாநில மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். மாநில அரசை நடத்துபவர், மசோதாவில் கையெழுத்திடுவதா மறுப்பதா என்று முடிவு செய்பவர். நம் முதலமைச்சரோடு ஒப்பிட்டால் ஓரளவு சரியாக இருக்கும். பிடிக்கவில்லை என்று அதிபர் அவரை மாற்றவும் முடியாது.

தமிழ் மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு இந்த வகைதான். தெரிந்த சொல் வந்ததும் தெரிந்த பொருளையே ஏற்றிவிடுகிறோம். ‘காங்கிரஸ்’ அங்கே கட்சி இல்லை. பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றம். செனட்டை நம் மாநிலங்களவை மாதிரி என்று பலரும் குறித்துக்கொள்கிறார்கள். மாநிலங்களவை உறுப்பினர்களை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், பெரிய மாநிலத்துக்கு அதிக இடம் உண்டு. செனட்டர்களையோ, 1913-இல் வந்த 17ஆவது திருத்தத்துக்குப் பிறகு, மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் 2 பேர், 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் 2 பேர்.

நாடாளுமன்ற முறையில் வளர்ந்த நமக்கு இன்னொன்றும் பிடிபடத் தாமதமாகிறது. அங்கே அமைச்சராக இருப்பவர் காங்கிரஸ் உறுப்பினராக இருக்கக் கூடாது. ஹிலாரி கிளின்டன் 2009-இல் வெளியுறவுப் பொறுப்பை ஏற்றபோது செனட் பதவியை விட்டுத்தான் போனார். பிரதிநிதிகள் சபையில் எதிர்க்கட்சி பெரும்பான்மை பெற்றாலும் அதிபரின் நாற்காலி ஆடாது; நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்று ஒன்று கிடையாது. அதிபரும் சபையைக் கலைக்க முடியாது. அரசு கவிழ்வது, அதனால் முன்கூட்டியே தேர்தல் வருவது என்று விடையில் எழுதிவிட்டால் அந்தப் பகுதி முழுக்கத் தவறாகிவிடும்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது ‘பதவி நீக்கத் தீர்மானம்’. ‘டிரம்புக்கு எதிராகப் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறியது’ என்று 2019-இல் தமிழில் படித்த ஒருவர், அவர் பதவி போய்விட்டது என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. பிரதிநிதிகள் சபை செய்வது குற்றம் சாட்டுவது மட்டும்தான். அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். விசாரித்துத் தீர்ப்பு சொல்வது செனட். அங்கே மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். 1868-இல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998-இல் பில் கிளின்டன், 2019-இலும் 2021-இலும் டொனால்டு டிரம்ப் என்று மூன்று அதிபர்கள் இப்படிக் குற்றம் சாட்டப்பட்டார்கள். செனட் தீர்ப்பால் பதவி இழந்த அதிபர் ஒருவர்கூட இல்லை. ஜான்சன் தப்பியது ஒரே ஒரு வாக்கில். நிக்சன் பெயரை இந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் நிறைய. சபை வாக்களிக்கும் முன்பே, 1974-இல், அவர் ராஜினாமா செய்துவிட்டார். பாடத்தைப் படிக்கும்போது ‘குற்றச்சாட்டு’ என்று ஒரு படி, ‘நீக்கம்’ என்று இன்னொரு படி எனத் தனித்தனியாக எழுதிப் பழகுங்கள்.

அதிபர் தேர்தலில் நாடு முழுக்க யாருக்கு அதிக வாக்கோ அவரே வெற்றி என்று எழுதுவதும் தவறு. மாநிலவாரியாகப் பிரித்துத் தரப்பட்ட தேர்வாளர்கள்தான் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கிறார்கள். மொத்தம் 538 தேர்வாளர் வாக்குகள். 270 கிடைக்க வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர எல்லா மாநிலங்களிலும், மாநிலத்தில் முந்துபவருக்கே அதன் வாக்குகள் முழுவதும் போகும். அதனால்தான் 2016-இல் ஹிலாரி கிளின்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார்.

அப்புறம் பொருளாதாரம். சம்பளம் கூடி அடுத்த வரிப் படிக்குப் போனால் மொத்தச் சம்பளத்துக்கும் அதிக வரி என்ற எண்ணம் பெரியவர்களிடமும் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்தப் பயம் போய்விடும். 2024-இல் தனிநபர் ஒருவரின் வரிக்குரிய வருமானம் 50,000 டாலர் என்று வையுங்கள். முதல் 11,600 டாலருக்கு 10 சதவீதம், 47,150 வரையிலான பகுதிக்கு 12 சதவீதம், மிச்சம் 2,850 டாலருக்கு மட்டும் 22 சதவீதம். கூட்டினால் 6,053 டாலர். மொத்தத்துக்கும் 22 சதவீதம் போட்டால் 11,000 வரும். எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்கள்!

பற்றாக்குறையும் கடனும் ஒன்றல்ல. ஓர் ஆண்டில் வரவுக்கு மேல் செலவழித்தது பற்றாக்குறை. பல ஆண்டுகளாகச் சேர்ந்து நிற்பது கடன். 1998 முதல் 2001 வரை பட்ஜெட்டில் உபரி இருந்தது, ஆனாலும் கடன் தீர்ந்துவிடவில்லை. பணவீக்கத்திலும் இதே சறுக்கல். 2022 ஜூனில் 9.1 சதவீதமாக இருந்த பணவீக்கம் 2023 ஜூனில் 3 சதவீதமானது. விலைகள் குறைந்தன என்று இதற்குப் பொருள் இல்லை. ஏறும் வேகம்தான் குறைந்தது. வட்டியை அதிபர் நிர்ணயிக்கிறார் என்றும் எழுதாதீர்கள். அது அமெரிக்காவின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் வேலை. வரியும் செலவும் காங்கிரஸின் கையில்.

‘உயிர், சுதந்திரம், மகிழ்ச்சியைத் தேடும் உரிமை’ என்ற புகழ்பெற்ற வரி 1776-இன் சுதந்திரப் பிரகடனத்தில் இருக்கிறது. 1787-இல் எழுதிய அரசியலமைப்பில் தேடினால் கிடைக்காது. அந்த அரசியலமைப்பை மூலத்திலேயே ஒருமுறை வாசித்துவிடுங்கள், ஒரு மாலை போதும். முதல் பிரிவு, மிக நீளமானது, காங்கிரஸைப் பற்றியது. அதிபர் இரண்டாம் பிரிவில்தான் வருகிறார்.