கட்டைகளில் ஒரு கவச வண்டி, அதற்கொரு கற்பனை வரலாறு: தொடங்குபவர்களுக்கான செய்முறை

லெகோ கட்டைகளால் ராணுவ வண்டி செய்யத் தொடங்கும் பலர் முதலில் வண்டியை முடித்துவிட்டு, கடைசியில் அதற்கு ஒரு பெயரையும் நாலு வரிக் கதையையும் ஒட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் வண்டி ஒரு பக்கமும் கதை ஒரு பக்கமுமாக நிற்கும். இரண்டையும் ஒன்றாக வளர்ப்பதுதான் இங்கே நான் சொல்லப்போகும் முறை. வண்டியில் கண்ணில் படும் ஒவ்வொரு விநோதமும் கதையில் இருக்கும் ஏதோ ஒரு சிக்கலுக்கு விடையாக இருக்கவேண்டும்.

உண்மையான வண்டிகள் அப்படித்தான் உருவாயின. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், அமெரிக்க ஷெர்மன் டாங்கிக்குள் தன்னுடைய பெரிய 17 பவுண்டர் பீரங்கியைப் பொருத்த விரும்பியது. சுழல்கோபுரத்தில் இடம் போதவில்லை. பீரங்கியின் பின்பகுதியைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தினார்கள். ரேடியோவுக்கு உள்ளே இடமில்லாமல் போனதால் கோபுரத்தின் முதுகில் ஒரு கவசப் பெட்டியை ஒட்டி அதற்குள் வைத்தார்கள். குண்டுகளை அடுக்க இடம் வேண்டுமே என்று முன்புற இயந்திரத் துப்பாக்கிக்காரரின் இருக்கையையே எடுத்துவிட்டார்கள். நீண்ட குழாயைப் பார்த்ததும் எதிரி அதைத்தான் முதலில் குறிவைப்பான் என்பதால், குழாய் குட்டையாகத் தெரியும்படி அதன் முன்பாதிக்கு வேறு மாதிரி வண்ணம் பூசினார்கள். ஷெர்மன் ஃபயர்ஃப்ளை என்று பெயர்பெற்ற அந்த வண்டியில் நாம் பார்க்கும் எல்லாமே ஏதோ ஒரு நெருக்கடியின் தடம். உங்கள் கற்பனை வண்டிக்கும் அப்படிப்பட்ட நெருக்கடி வேண்டும்.

படி 1: ஒரு குறையிலிருந்து தொடங்குங்கள்

"உலகிலேயே பலமான டாங்கி" என்று தொடங்கினால் அடுத்த வரி எழுத ஒன்றும் இருக்காது. எது இல்லை, எது முடியாது என்று யோசியுங்கள். எண்ணெய் கிடைக்காத நாடா? உருக்கு ஆலை ஒன்றே ஒன்றுதானா? சாலைகளே இல்லாத மலைநாடா?

இந்தக் கட்டுரை முழுக்க ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். கழிநாடு என்று ஒரு கற்பனை நாடு. எங்கு பார்த்தாலும் சதுப்பும் வாய்க்கால்களும்தான். அங்குள்ள மரப்பாலங்கள் 15 டன்னுக்கு மேல் தாங்காது. அந்த நாட்டு ராணுவத்துக்கு ஒரு வண்டி வேண்டும். அதற்குக் 'கொக்கு' என்று பெயர் வைப்போம்.

இந்த இரண்டு வரியிலேயே பாதி வடிவமைப்பு முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். எடை 14 டன்னைத் தாண்டக்கூடாது. அதனால் கவசம் மெல்லியதாகத்தான் இருக்கும், பீரங்கியும் சிறியதுதான். சேற்றில் புதையாமல் இருக்கச் சங்கிலிப் பட்டை அகலமாக இருக்கவேண்டும். தண்ணீரில் இறங்கவேண்டும் என்பதால் இன்ஜினுக்குக் காற்று தர உயரமான குழாய் வேண்டும். கட்டையைத் தொடுவதற்கு முன்பே வண்டி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது.

பாலம் தாங்காத எடை என்பது வெறும் கற்பனைச் சிக்கல் இல்லை. ஜெர்மனி உருவாக்கிய மௌஸ் டாங்கி 188 டன் எடை கொண்டது. அதைத் தாங்கும் பாலங்கள் அரிது என்பதால், ஆற்றுப் படுகையில் இறங்கியே கடக்கட்டும் என்று வடிவமைத்தார்கள்.

படி 2: அளவைக் கணக்கிடுங்கள்

கணக்கு என்றதும் ஒதுங்கவேண்டாம், மூன்று எண்கள் போதும். லெகோ கட்டையின் மேல் இருக்கும் சிறு வட்ட மேடுதான் குமிழ். ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மி.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. தட்டு எனப்படும் மெல்லிய கட்டையின் உயரம் 3.2 மி.மீ. அதாவது மூன்று தட்டுகளை அடுக்கினால் ஒரு கட்டையின் உயரம் வந்துவிடும்.

1978-ல் அறிமுகமான மினிஃபிக் என்னும் சிறு மனிதப் பொம்மை ஏறத்தாழ 4 செ.மீ. உயரம். 170 செ.மீ. உயரமுள்ள ஆளோடு ஒப்பிட்டால் விகிதம் சுமார் 1:42. இந்த விகிதத்தில் ஒரு குமிழ் என்பது நிஜத்தில் 34 செ.மீ., ஒரு கட்டையின் உயரம் 40 செ.மீ., ஒரு தட்டின் உயரம் 13 செ.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள்.

கொக்கு 5.5 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரம் என்று தீர்மானித்தால் மாடல் 16 குமிழ் நீளம், 8 குமிழ் அகலம், ஐந்தரைக் கட்டை உயரம். சங்கிலிப் பட்டைக்கு இரண்டு குமிழ் அகலம் தந்தால் நிஜத்தில் 67 செ.மீ. ஆகிறது. சேற்றில் நன்றாக ஓடியதாகப் பெயர்பெற்ற சோவியத் டி-34 டாங்கியின் பட்டையே 50 முதல் 55 செ.மீ. அகலம்தான். சதுப்பு நாட்டுக்காரர்கள் அதைவிட அகலமாகச் செய்தார்கள் என்றால் படிப்பவர் நம்புவார்.

ஓர் எச்சரிக்கை. மினிஃபிக் குட்டையாக இருந்தாலும் உடம்பு அகலமானது. அசல் வில்லிஸ் ஜீப் 3.36 மீட்டர் நீளம், 1.57 மீட்டர் அகலம். நம் கணக்குப்படி 10 குமிழ் நீளமும் 5 குமிழுக்குச் சற்றுக் குறைந்த அகலமும் வரவேண்டும். ஆனால் இரண்டு மினிஃபிக் அருகருகே உட்கார உள்ளே 4 குமிழ் தேவை, சுவர்களையும் சேர்த்தால் 6. இப்படிப்பட்ட இடங்களில் கணக்கை விட்டுக்கொடுத்து அகலப்படுத்துங்கள். ஆள் உட்கார முடியாத ஜீப்பைவிடக் கொஞ்சம் பருத்த ஜீப் மேல்.

படி 3: நிறமும் கட்டைகளும்

லெகோ நிறுவனம் இன்றைய போர் வண்டிகளை அப்படியே பொம்மையாக்குவதைத் தவிர்க்கிறது. 2020-ல் ஆஸ்ப்ரே என்ற ராணுவ விமானத்தின் பெட்டியை (லெகோவின் டெக்னிக் வரிசையில் வரவிருந்தது) வெளியீட்டுக்குச் சற்று முன் திரும்பப் பெற்றது. அதனால் ஆலிவ் பச்சை, அடர் மணல் போன்ற நிறங்களில் நீங்கள் நினைக்கும் எல்லாத் துண்டுகளும் கிடைக்காது. தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது அடர் சாம்பல். ஏறக்குறைய எல்லா வடிவத்திலும் கிடைக்கும், புகைப்படத்திலும் நன்றாகத் தெரியும்.

கையில் உள்ள நிறத்துக்கும் கதையில் காரணம் சொல்லிவிடலாம். சாம்பலும் பழுப்பும் கலந்துதான் வருகிறதா? பழுதான பலகைகளை வேறொரு வண்டியிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள் என்று எழுதுங்கள். போர்க்களத்தில் அது சகஜம்.

வாங்குவதற்கு முன் கணினியில் கட்டிப்பார்ப்பது நல்லது. பிரிக்லிங்க் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம். ஒரு துண்டு நீங்கள் தேர்ந்த நிறத்தில் உண்மையில் வெளிவந்திருக்கிறதா என்பதையும் அது காட்டும். இந்த மாதிரி மென்பொருள்கள் பலவற்றுக்கு அடித்தளம் போட்டது ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-ல் உருவாக்கிய எல்டிரா. இன்றைக்கும் அந்தக் கோப்பு வடிவம் புழக்கத்தில் இருக்கிறது.

படி 4: கட்டும் வரிசை

சங்கிலிப் பட்டையிலிருந்து தொடங்குங்கள். சக்கரங்களின் இடைவெளிதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். கண்ணி கண்ணியாகக் கோக்கும் பட்டை என்றால் இறுக்கமாக இழுக்காதீர்கள். ஒரு கண்ணி கூடுதலாகச் சேர்த்தால் மேல்பக்கம் லேசாகத் தொய்யும். நிஜ டாங்கிகளின் பட்டையும் அப்படித்தான் தொய்யும். அந்தச் சின்னத் தொய்வு மாடலுக்கு ஒரு கனத்தைக் கொடுக்கும்.

அப்புறம் அடித்தளம். செங்கல் சுவர் எழுப்பும்போது செய்வதுபோல, கீழ்வரிசையின் இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் மாற்றி மாற்றி அடுக்குங்கள். முடிந்ததும் ஒரு முனையை மட்டும் பிடித்துத் தூக்கிப்பாருங்கள். வளைந்தால் நடுவில் நீளமான தட்டு ஒன்று தேவை.

உடற்பகுதிக்கு வரும்போதுதான் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான சுவை தெரியும். எல்லாக் குமிழ்களும் மேல்நோக்கி இருந்தால் வண்டி படிக்கட்டுபோலத் தெரியும். பக்கவாட்டில் குமிழ் உள்ள கட்டைகளையும் எல் வடிவத் தாங்கிகளையும் வைத்துப் பலகைகளைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தும் முறைக்கு ஸ்நாட் (SNOT, 'குமிழ் மேலே இல்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயர். அதற்கு ஒரே ஒரு சமன்பாடு தெரிந்தால் போதும்: ஐந்து தட்டுகளின் உயரம் 16 மி.மீ., இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மி.மீ. ஆகவே ஐந்து தட்டுகளை அடுக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் இரண்டு குமிழ் இடைவெளியில் கச்சிதமாக உட்காரும். இதைக் கையில் எடுத்துச் செய்துபாருங்கள். ஒரு தரம் புரிந்துவிட்டால், வழவழப்பான பக்கச் சுவர்கள், கீல் துண்டு வைத்துச் சாய்த்த முன்கவசம், கோபுரத்தின் கன்னங்கள் எல்லாமே கைக்கு வரும்.

பீரங்கிக் குழாய்க்கு 3.2 மி.மீ. தடிமனுள்ள கம்பித் துண்டு பொருந்தும். நிஜ அளவில் 13 செ.மீ. ஆகிறது. கொக்கின் 57 மி.மீ. பீரங்கிக்குச் சற்றுத் தடிமன்தான், ஆனால் கண் உறுத்தாது.

நுணுக்க வேலைகளை எங்கும் தூவாதீர்கள். மனிதர்கள் கை வைக்கும் இடங்களில் சேருங்கள்: மூடிகளின் கைப்பிடி, கருவிப் பெட்டி, இழுவைக் கயிறு, படியேறும் இடம். கொக்குக்கு இன்னும் இரண்டு அவசியம். ஒன்று பின்னால் நிற்கும் காற்றுக்குழாய். இன்னொன்று, சேற்றில் மாட்டினால் பட்டைக்கு அடியில் போடும் மரக்கட்டை, பழுப்புக் கட்டைகளில். படிப்பவர் கதைக்கு வரும் முன்பே இந்த இரண்டும் சதுப்பைப் பற்றிச் சொல்லிவிடும்.

படி 5: கதையை எழுதுங்கள்

150 முதல் 250 வார்த்தை போதும். தேவை என்ன, எப்படிச் சமாளித்தார்கள், களத்தில் எது சரிப்படவில்லை, எதை மாற்றினார்கள் என்ற வரிசை நன்றாக வேலை செய்யும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். கதைக்கு உயிர் தருவது அதுதான். ஆரம்பகால டி-34-ன் கோபுரத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். சுற்றிலும் பார்த்துக் கட்டளையிட வேண்டிய கமாண்டரே பீரங்கியையும் இயக்கவேண்டியிருந்தது. 1944-ல் வந்த டி-34-85-ல் கோபுரத்தைப் பெரிதாக்கி மூன்றாவது ஆளைச் சேர்த்தார்கள். இப்படி ஒரு குறை உங்கள் வண்டிக்கும் இருக்கட்டும்.

கொக்குக்கு இப்படி எழுதலாம்:

"முதல் வகைக் கொக்குகளில் காற்றுக்குழாய் இன்ஜினுக்கு நேர் மேலே இருந்தது. கோபுரம் பின்பக்கம் திரும்பினால் பீரங்கி அதில் இடிக்கும். படைவீரர்கள் தாங்களாகவே குழாயை வெட்டி இடது ஓரத்தில் பற்றவைத்தார்கள். இரண்டாம் வகையில் தொழிற்சாலையே அதை இடது பக்கம் பொருத்தி அனுப்பியது."

நாலே வாக்கியம்தான். மாடலில் குழாய் ஏன் ஒரு ஓரமாக நிற்கிறது என்பது இப்போது தெரிகிறது, வீரர்களின் கையும் தெரிகிறது.

எண்களைச் சரிபார்த்துப் போடுங்கள். இன்ஜின் சக்தியை எடையால் வகுத்துப் பாருங்கள். டி-34-ன் தொடக்க வகைக்கு 26.5 டன்னுக்கு 500 குதிரைத்திறன், டன்னுக்கு ஏறத்தாழ 19. கனமான ஜெர்மன் டைகர் டாங்கிக்கு 57 டன்னுக்கு 700, டன்னுக்குச் சுமார் 12. இவற்றுக்கு இடையில் டன்னுக்கு 15 என்று வைத்தால் 14 டன் கொக்குக்கு 210 குதிரைத்திறன். யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தாலும் கதை நிற்கும்.

ஒன்றில் மட்டும் நான் கறாராகச் சொல்வேன். நாடு, படை, சின்னம் எல்லாம் முழுக் கற்பனையாக இருக்கட்டும். நாஜிச் சின்னங்களையோ இன்று நடந்துகொண்டிருக்கும் போரின் அடையாளங்களையோ அலங்காரமாகப் பயன்படுத்தாதீர்கள். அவற்றால் சொந்தங்களை இழந்தவர்கள் உங்கள் படத்தைப் பார்க்கக்கூடும். வட்டம், முக்கோணம், ஒரு பறவை என எளிய வடிவில் நீங்களே சின்னம் உருவாக்கலாம்.

படி 6: படம் எடுத்துப் பகிருங்கள்

ஜன்னலோரம், நேரடி வெயில் விழாத இடம். பின்னால் மடிப்பில்லாமல் வளையும் வெள்ளை அல்லது வெளிர் நீலத் தாள். கேமராவை மினிஃபிக்கின் கண் மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். மேலிருந்து எடுத்தால் பொம்மையாகத் தெரியும், கீழிருந்து எடுத்தால் வண்டியாகத் தெரியும். எடுப்பதற்கு முன் ஒரு மென்தூரிகையால் தூசியையும் மென்துணியால் கைரேகையையும் துடைத்துவிடுங்கள். அடர் நிறங்களில் அவை அப்பட்டமாகத் தெரியும்.

முதல் படம் முன்பக்கமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் கோணத்தில் இருக்கட்டும். அடுத்துப் பின்பக்கம், மேல்பக்கம், மூடிகள் திறந்த நிலை. கதையில் சொன்ன விநோதத்துக்கு ஒரு நெருக்கமான படம் கட்டாயம் வேண்டும். கொக்கு என்றால் இடது ஓரக் காற்றுக்குழாய்.

ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் படங்களையும் கதையையும் போடலாம். கட்டும் வழிமுறையையும் தர விரும்பினால் ரீபிரிக்கபிள் என்ற லெகோ இணையதளம் பொருத்தமான இடம். எங்கே போட்டாலும் முதல் வரியிலேயே இது கற்பனை என்று எழுதுங்கள். நல்ல கதைகள் வெட்டி ஒட்டப்பட்டு, நிஜ வரலாறாகச் சுற்றும் ஆபத்து உண்டு. வேறொருவரின் கட்டும் உத்தியை எடுத்திருந்தால் அவர் பெயரையும் குறிப்பிடுங்கள்.

வண்டியை உடனே பிரித்துவிடாதீர்கள். கோபுரத்தை மட்டும் கழற்றி, அதே அடித்தளத்தில் ஒரு ஆம்புலன்ஸோ பாலம் போடும் வண்டியோ கட்டுங்கள். ஒரே வண்டியைப் பல வேலைகளுக்கு மாற்றிக்கொள்வது எல்லா ராணுவங்களிலும் உள்ள வழக்கம். உங்களுக்கும் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும். கதையில் மட்டும் ஒரு புதுச் சிக்கலைத் தேடவேண்டும்: பீரங்கி போனதால் முன்பக்கம் எடை குறைந்த கொக்கு, சேற்றில் எப்படி நிற்கும்?