பவுண் காசை உருக்கக் கொடுக்க முன் ஆண்டைப் பாருங்கள்

எங்கள் பக்கம் தங்கத்தைப் பவுணில்தான் கணக்குப் பார்ப்போம். சீதனப் பேச்சிலும் பவுண், அடகுக் கடையிலும் பவுண். அந்தக் கணக்குக்கு மூலமான இங்கிலாந்துத் தங்கக் காசே மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் சில வீடுகளில் இன்னும் அலுமாரிக்குள் துணியில் சுற்றியபடி கிடக்கிறது. கஷ்டம் வந்தால் நேரே நகைக்கடைக்குக் கொண்டுபோய் எடைக்கு விற்றுவிடுவோம், இல்லையென்றால் நகைக்கு உருக்கக் கொடுத்துவிடுவோம். எங்கள் அம்மம்மாவின் காசு அப்படித்தான் தோடாகிப் போனது, அதில் என்ன ஆண்டு இருந்தது என்று வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது.

அதனால் முதலில் ஆண்டைப் பாருங்கள். ஒரு பக்கம் அரசர் அல்லது அரசியின் தலை, மறுபக்கம் பெரும்பாலும் குதிரை வீரன் டிராகனைக் கொல்லும் படம், அதன் கீழே ஆண்டு. ஆண்டுக்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் நிலக்கோட்டில், ஒரு சின்ன ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பேர்ன், பி பேர்த், ஐ என்றால் பம்பாய், அங்கே 1918 இல் மட்டும்தான் அடித்தார்கள். எழுத்து இல்லாவிட்டால் லண்டன். விக்டோரியாவின் இளவயதுத் தலை உள்ள பழைய காசுகளில் எழுத்து தலைக்கோ கேடயத்துக்கோ கீழே இருக்கும், அங்கேயும் பாருங்கள்.

இந்த ஒரு எழுத்தில் விலையே மாறிவிடும். 1917 ஆம் ஆண்டுக் காசில் பேர்த் எழுத்து இருந்தால் அது தாராளமாகக் கிடைக்கிற காசு, தங்க விலையோடு கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். அதே 1917 எழுத்தில்லாமல் லண்டன் காசாக இருந்தால் சேகரிப்பவர்கள் பல மடங்கு கொடுப்பார்கள், அதனாலேயே அதற்குப் போலியும் அதிகம். 1819 இல் அடித்தவையோ மொத்தமே 3,574. எட்டாம் எட்வேர்ட் ஒரு வருடத்துக்குள் முடி துறந்ததால் அவர் தலை போட்ட 1937 காசு மாதிரியாக மட்டும் சிலதான் அடிக்கப்பட்டது, அதில் ஒன்று 2020 இல் பத்து லட்சம் ஸ்டேர்லிங் பவுண்ஸுக்குப் போனது. அமெரிக்காவில் 1933 இல் 445,500 இருபது டொலர் தங்கக் காசு அடித்து, வெளியே விடாமல் ஏறக்குறைய எல்லாவற்றையும் உருக்கினார்கள், தப்பிய ஒன்று 2021 இல் ஒரு கோடி எண்பத்தொன்பது லட்சம் டொலருக்கு விற்றது. பழசு என்பதற்காக யாரும் இவ்வளவு கொடுப்பதில்லை, மிச்சம் எத்தனை இருக்கிறது, எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்பதற்குத்தான் கொடுக்கிறார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அவர்களின் கிழக்கிந்தியக் கம்பனி (விஓசி) அடித்த செப்புக் காசு முந்நூறு வருடத்துக்குக் கிட்டப் பழையதாக இருந்தும் மலிவாகப் போவது ஏராளமாக மிஞ்சியிருப்பதால்தான்.

அப்புறம் அளந்து பாருங்கள். இங்கிலாந்துப் பவுண் காசின் எடை 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீற்றர், தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர் அளவு. விட்டமும் தடிப்பும் சரியாக இருந்து எடை நன்றாகக் குறைந்தால் அது தங்கமில்லை, ஏனென்றால் அதே அளவுக்குள் தங்கத்தின் கனத்தைப் பித்தளையால் கொண்டுவர முடியாது. ஆனால் சரியான தங்கத்திலேயே அடித்த போலிகளும் உண்டு, அவற்றில் எழுத்துகளும் விளிம்புக் கோடுகளும் மழுங்கித் தெரியும்.

தயவுசெய்து புளி, சாம்பல், பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். செப்போ வெள்ளியோ தங்கமோ, தேய்த்த கீறல் பூதக்கண்ணாடியில் உடனே தெரியும், பாதி விலை அங்கேயே போய்விடும். பதக்கமாக்க வளையம் ஒட்டுவதும் அப்படித்தான், ஏற்கனவே ஒட்டியிருந்தால் கழற்றவும் வேண்டாம், கழற்றிய வடுவும் குறைதான். விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள். வாவிக்கரை, கடற்கரை வீடு என்றால் உப்புக்காற்று செப்பையும் வெள்ளியையும் தின்னும், ஒவ்வொன்றையும் தனிக் கடதாசி உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள்.

விற்பதென்றால் குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். உண்மையிலேயே அரிதாகத் தெரிந்தால் மட்டும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரம் பிரிக்கும் நிறுவனங்களைப் பற்றி யோசியுங்கள், அவர்கள் 1 முதல் 70 வரை புள்ளி போடுவார்கள், செலவும் உண்டு. வெளிநாட்டுக்கு அனுப்ப முன் அனுமதி வேண்டுமா என்று தொல்பொருள் திணைக்களத்திலும் சுங்கத்திலும் கேளுங்கள். "உங்கள் பழைய ஐந்து ரூபாய்க்கு லட்சங்கள், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்று வட்ஸ்அப்பில் வந்தால் அது களவு, ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

வயலிலோ அத்திவாரம் வெட்டும்போதோ காசு கிடைத்தால் கதை வேறு. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முந்தியவை தொல்பொருள், மண்ணுக்குள் இருந்து எடுத்தால் அறிவிக்கத்தான் வேண்டும். கிடைத்த இடத்தைக் கிளறாமல் படம் எடுத்து வைத்துவிட்டு கிராம சேவகரிடம் சொல்லுங்கள்.