அவரையில் அசுவினி: பொறிவண்டுக்கு வழிவிடும் முறை

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி, வாழப்பாடிப் பக்கத்து அவரைப் பந்தல்களில் நுனித்தளிரிலும் பூங்கொத்திலும் சாறுறிஞ்சும் சிறு பூச்சியான கரிய அசுவினி அப்பிக்கொள்ளும். பெண் பூச்சி ஆணின்றியே குட்டி ஈனும். அக்குட்டியும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈனத் தொடங்கும். அசுவினியைத் தின்னும் பூச்சிகளோ இரை பெருகிய பிறகே வந்து முட்டையிடுவதால், ஒரு வாரம் பத்து நாள் பின்தங்கித்தான் பெருகும். நாம் பதறிப்போய் விசைத்தெளிப்பானைத் தோளில் மாட்டுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அந்த மருந்தில் முதலில் அழிவது வந்துசேர்ந்த துணைப்பூச்சிகள். தப்பிய சில அசுவினிகள் தடுப்பாரின்றி மீண்டும் பெருகிவிடும்.

எனவே முதல் வேலை அடையாளம் அறிவது. சிவப்புப் பொறிவண்டை அனைவரும் அறிவர். அதன் புழுவை அறிந்தோர் குறைவு. நான் அவரை போட்ட முதல் ஆண்டில், மஞ்சள் புள்ளிகளுடன் சின்ன முதலை போல் இலையில் ஊர்ந்த கருஞ்சாம்பல் புழுக்களே தளிரைத் தின்கின்றன என்று எண்ணி மருந்தடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் தன் வாழ்நாளில் சில நூறு அசுவினிகளைத் தின்னும் பொறிவண்டுப் புழு என்று பின்னர் அறிந்தபோது பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை. இலையில் மெல்லிய காம்பின் நுனியில் தனித்தனியே நிற்கும் முட்டைகள் பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சியுடையவை. அசுவினிக் கூட்டத்தின் நடுவே கால்களின்றி நெளியும் பசும்புழு மிதவை ஈயின் குஞ்சு. உப்பி, வைக்கோல் நிறமாகி அசையாதிருக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்கிறது. அந்த இலையைக் கிள்ளி எறியாதீர்கள்.

அசுவினி கண்ட நாளில் வயலின் பல இடங்களிலுமாக இருபது கொடிகளின் நுனியைப் புரட்டிப் பாருங்கள்; நான்கு நாள் கழித்து அதே கொடிகளை மீண்டும் பாருங்கள். மேற்சொன்ன துணைப்பூச்சிகளின் புழுக்கள் கூடியிருந்தால் கைவைக்க வேண்டியதில்லை. அவை இல்லாமல் அசுவினி மட்டும் ஏறியிருந்தால், 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து, மாலையில் பாதித்த நுனிகளில் மட்டும் தெளிக்கலாம். வீட்டுத் தோட்டமாயின் காலையில் இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும்.

வரப்பில் எதை விதைப்பது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். கத்தரி, வெண்டை, மிளகாய் வயலுக்குத் தட்டைப்பயறு நல்ல ஓரப்பயிர். அதில் வரும் கரிய அசுவினி பெரும்பாலும் பயறுவகைகளிலேயே தங்கும் என்பதால், பொறிவண்டுக்கு முன்கூட்டியே இரை கிடைக்கும், பயிருக்கும் கேடில்லை. ஆனால் அவரைக்குத் தட்டைப்பயறு கூடாது, இரண்டையும் தாக்குவது அதே அசுவினிதான். அவரை வயலைச் சுற்றி மக்காச்சோளமோ சோளமோ போடுங்கள். அவற்றின் அசுவினி புல்லினப் பயிர்களை விட்டு அவரைக்கு வராது. இடையிடையே கொத்தமல்லியைப் பூக்க விடுங்கள்: மிதவை ஈயும் கண்ணாடி இறக்கைப்பூச்சியும் வளர்ந்தபின் தேனும் மகரந்தமும் உண்டே முட்டையிடுகின்றன. பூக்க நாற்பது நாளுக்கு மேலாகும் என்பதால் விதைப்பை முந்திச் செய்யவேண்டும். யூரியாவை அள்ளி இடுவதையும் நிறுத்துங்கள். சாறு மிகுந்த தளிரில் அசுவினி மேலும் வேகமாகப் பெருகும்.

எறும்பு சாரையாக ஏறும் கொடியில் பொறிவண்டு நிலைப்பதில்லை. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் பொறிவண்டின் புழுக்களைக் கடித்து விரட்டும். பந்தல்கால் அடியிலுள்ள புற்றைக் கொத்திவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுங்கள்.

துணைப்பூச்சிகளை விலைக்கு வாங்கி வயலில் விடுவோருக்கு ஒரு சொல். 1898-இல் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கிரிப்டோலீமஸ் வண்டு, மாவுப்பூச்சிக்கு உகந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்கு அது பயன்படும், அவரை அசுவினிக்கு அதை வாங்க வேண்டாம். கண்ணாடி இறக்கைப்பூச்சியின் புழுக்கள் ஒன்றையொன்று தின்பவை ஆதலால், வந்த அன்றே மாலையில் கொடிக்குக் கொடி பரவலாக விடவேண்டும்.

மிளகாயில் தேமல் நோய் கண்ட செடியை மட்டும் துணைப்பூச்சிகளை நம்பி விட்டுவைக்கக்கூடாது. சிறகு முளைத்த அசுவினி சில நிமிடங்கள் உறிஞ்சினாலே அந்நோயைத் தரும் நச்சுயிரியை அடுத்த செடிக்கு ஏற்றிவிடும். பொறிவண்டு வரும்வரை அது காத்திருக்காது. அச்செடியை அன்றே பிடுங்கி எரித்துவிடுங்கள்.